கல் நின்றால் கணக்கு தப்பு

கும்மிடிப்பூண்டியில் ரயில் நிற்க ஆரம்பித்த நாள் முதல் இன்றுவரை, எருமை மாட்டின் பின்பக்கத்துக்குக் கரண்டு கணக்கு சொல்லிக் கொடுத்த மனிதர் ஒரே ஒருவர்தான். எங்கள் லைன் வீட்டில் கடைசி அறையில் குடியிருந்த டிரான்சிஸ்டர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. போட்டுவிட்டால் நிறுத்த குமிழே இல்லாத ரேடியோ மாதிரி பேசிக்கொண்டே போவதால் அந்தப் பெயர். விளக்குக் கம்பத்திடம் பேசுவார், கிணற்றுச் சுவரிடம் பேசுவார், முன்னால் போகிற எருமையின் பின்பக்கத்திடம் பேசுவார். ஆனால் எதிரே ஒரு மனித முகம் வந்துவிட்டால் போதும், பேட்டரி தீர்ந்துவிடும். வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் வராது.

எழுபதுகளின் நடுவில் அது. என் வீட்டுக்காரர் ரேடியோ சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் பிட்டர். டிரான்சிஸ்டர் அங்கேயே அப்ரண்டிஸ். பட்டணத்தில் நடக்கும் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பழவேற்காட்டில் அவருடைய அப்பாவின், அவர் வாயில் நைனாவின், படகு. படகு என்றதும் அவருக்கு முகம் வெளுக்கும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, கரையில் கட்டிக் கிடக்கும் படகில் உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கிற ஒரே பிள்ளை அவர்.

நான் புதுசாகக் கல்யாணமாகி வந்தவள். வேற்று ஆண் வந்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. பொது முற்றத்தில் ஆட்டுக்கல்லில் மாவரைக்கும்போதும் அப்படித்தான். ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் டிரான்சிஸ்டரின் குரல் கேட்டது.

“அண்ணி, நீங்க திரும்பாதீங்க. நான் ஒரு கணக்கு சொல்லிக்கினு இருக்கேன். நீங்க பாட்டுக்கு அரைங்க.”

நான் அரைத்தேன். அவர் சொன்னார். ஒன்பது வோல்ட்டு பேட்டரி, ஒரு டயோடு, ஒரு ரெசிஸ்டர். எனக்கு என்ன புரியும்? ஐந்தாம் வகுப்பில் படித்த கூட்டலும் கழித்தலும்தான். எங்கேயாவது கணக்கு உதைத்தால் என்னை அறியாமல் கை நின்றுவிடும். கல் நின்றதும் பின்னால் பதறுவார்.

“கல்லு நின்னுபோச்சு! எங்க தப்பு அண்ணி?”

நான் பதில் சொல்ல மாட்டேன். அவரே தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவார். கல் மறுபடி ஓடும். இப்படியே இரண்டு வருஷம். எங்கள் வீட்டு இட்லி அந்த லைனிலேயே பூ மாதிரி இருந்ததற்குக் காரணம் உளுந்து இல்லை, அவருடைய தப்புகள். ஒவ்வொரு தப்புக்கும் கணக்கு முதலிலிருந்து, மாவும் கூட நாலு சுற்று.

ஒருநாள் நான் கல்லை நிறுத்தியது மாவு பதமானதால். அவருக்கு அது எப்படித் தெரியும்? சரியாகப் போட்டிருந்த நாலு பக்கக் கணக்கைக் கிழித்துக் கிணற்றடியில் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“டேய் டிரான்சிஸ்டரு, எங்கூட்டு ஆட்டுக்கல்லுதான் உனக்கு வாத்தியாரா? பரீட்சைக்கு அதையும் தூக்கிக்கினு போடா!”

சிரிப்பெல்லாம் அதோடு சரி. எழுத்துப் பரீட்சையில் டிரான்சிஸ்டர் நன்றாகவே எழுதினார். அதற்கப்புறம் ஆபீசர் எதிரில் உட்கார்ந்து வாயால் கேட்கிற பரீட்சை. முதல் தடவை ஆபீசர் முகத்தைப் பார்த்ததும் இவர் ஊமை. இரண்டாம் தடவை தைரியமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாராம். “உனக்கு அவ்வளவு அவசரமா? கிளம்பு” என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதுதான் கடைசி என்று கம்பெனியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கடைசிப் பரீட்சைக்கு முதல் நாளே நைனா வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மகன் படகில் கட்டிக்கொள்ளப் புதுக் கோவணத்துணி. முற்றத்தில் குந்திக்கொண்டு, “நாளைக்குச் சாயங்காலம் கடைசி பஸ்சு இருக்குது, இல்ல?” என்று மட்டும் கேட்டார். டிரான்சிஸ்டர் இரவுச் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு ரயில். ஆறு மணிக்கே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அன்றைக்கு அரைக்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் ஒரு பிடி உளுந்து ஊறப் போட்டு வைத்திருந்தேன்.

“டயோடுன்னா நம்ம கேன்டீன் கதவு மாதிரி அண்ணி. ஒரு பக்கமாத்தான் தொறக்கும். ஒம்போது வோல்ட்டு இங்கேர்ந்து கெளம்புது. டயோடத் தாண்டி ரெசிஸ்டருக்குப் போவுது. ரெசிஸ்டர் ஆயிரம் ஓம். அப்போ கரண்டு ஒம்போது மில்லி ஆம்பியரு…”

என் கை நின்றது. அதே தப்பு. பயத்தில் எப்போதும் வருகிற தப்பு.

“எங்க தப்பு அண்ணி?”

பட்டணத்தில் ஆட்டுக்கல் இருக்காது. முதுகைக் காட்ட யாரும் இருக்க மாட்டார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினேன். மாவுக் கையோடு நேராக அவர் முகத்தைப் பார்த்தேன்.

டிரான்சிஸ்டர் நின்றுவிட்டது. நைனா எழுந்து நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் பல் துலக்கும் குச்சியை வாயில் வைத்தபடி சிலையானார். தூரத்தில் ரயில்வே கேட் மூடுகிற மணி அடித்தது. எனக்கும் திரும்பிக்கொள்ளத்தான் உடம்பெல்லாம் துடித்தது. திரும்பவில்லை.

“கதவத் தள்ளுறதுக்குக் கொஞ்சம் பலம் போவும்னு நீதானே சொன்னே,” என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். “அதக் கழிச்சியா?”

உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை.

“பு… புள்ளி ஏழு,” என்றார். “டயோடுல புள்ளி ஏழு வோல்ட்டு போயிடும். மீதி எட்டு புள்ளி மூணு. கரண்டு எட்டு புள்ளி மூணு மில்லி ஆம்பியரு அண்ணி!”

“ரயிலு வந்துடுச்சுடா பேமானி, ஓடு!” என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

சாயங்காலம் நான் முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நைனா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார். செருப்புச் சத்தம் வந்தது. வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல், என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

“பாஸு அண்ணி. கேட்டதுக்கெல்லாம் அந்த சாரு மூஞ்சியப் பாத்தே சொன்னேன். காலைல நீங்க மொறச்சீங்க பாருங்க, அதுக்கப்புறம் அவரு மூஞ்சி ஒண்ணுமேயில்ல.”

நைனா பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். “நல்லதாப் போச்சு. என் படகு தப்பிச்சுது,” என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் கிரைண்டர். அரைத்து முடித்ததும் நிறுத்துகிறேன். நிறுத்திய உடனே மாவை வழிப்பதில்லை. “எங்க தப்பு அண்ணி?” என்று பின்னாலிருந்து குரல் வருகிறதா என்று கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன்.