தாழ்ப்பாள் வெளிப்பக்கம்

என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்கால் நீங்கலாக நான் நலம். நான் நீங்கலாக உன் அம்மாவுக்கும் குறை ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும், நாங்கள் படத்தில் மட்டுமே பார்த்திருக்கும் பேத்தியும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை நிற்பாராக.

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி உனக்கு நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். தொலைபேசியில் நான் சொன்னால் அம்மா இடையில் புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுவாள். ஆகவே கடிதம். குழப்பம் வராமலிருக்க, சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்தி விடுகிறேன்:

1. பேழையின் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்தது சரியே.
2. நானும் உன் மாமனாரும் அதற்குள் போனோமே தவிர, சேர்ந்து போகவில்லை.
3. உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு, வெளியே வர எங்கள் இருவருக்குமே வழி இருக்கவில்லை.
4. உன் மாமனார் வேதத்துக்குச் சொன்ன விளக்கம்.
5. ஞானஸ்நானத் தேதி. (அவசரமானால் நேரே இதற்குப் போகலாம். போகாமலிருந்தால் சந்தோஷப்படுவேன்.)

முதலாவது. சபைப் பிள்ளைகள் நடிக்கப் போகும் நோவா நாடகத்துக்கு ஒரு பேழை வரைந்து தரும்படி ஆயர் கேட்டார். நாற்பது வருடம் கட்டட வரைபடம் போட்டவன் என்பதால் கேட்டிருப்பார், என்னிடம் வேறு தகுதி எதுவும் கிடையாது. முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம் என்று வேதத்தில் இருக்கிறது. அந்த விகிதப்படி இருபத்துநாலு அடி நீளத்துக்கு நாலு அடி அகலம் வந்தது. உயரம் இரண்டரை அடிகூட வரவில்லை. நோவா தவழ்ந்துதான் போக வேண்டியிருக்கும். இரண்டு நாள் யோசித்து, உயரத்தை மட்டும் ஐந்து அடியாக்கினேன். அந்த மீறல் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், மற்றதிலெல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். கதவை அடைத்தது நோவா இல்லை, கர்த்தர் என்று ஆதியாகமம் ஏழாம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. அப்படியானால் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கும்? தச்சர் கேட்டார்: "உள்பக்கமும் ஒண்ணு போட்டுடலாமே சார், ஆத்திர அவசரத்துக்கு ஆகும்." நான் அதிகாரத்தைக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, முழுகுனா சேர்ந்து முழுகுவோம்" என்று வெளியே மட்டும் போட்டார்.

இரண்டாவது. நீ போன மாதம் எழுதியது எனக்கு மனப்பாடம். இரண்டு தாத்தாக்களும் பேசிக்கொண்டு ஒரே பக்கமாக நிற்பதானால் குழந்தையை இங்கே கொண்டு வந்து ஞானஸ்நானம் கொடுப்பதாகவும், இல்லையென்றால் அங்கேயே முடித்துப் படம் அனுப்புவதாகவும் எழுதியிருந்தாய். அதில் 'படம்' என்ற சொல்லை நான் பலமுறை படித்தேன். ஆனால் மூன்று வருடமாகப் பேசாத மனிதரிடம் எதைச் சொல்லித் தொடங்குவது? ஆராதனையில் அவர் வலது கோடி, நான் இடது கோடி. தவறு என்னுடையது என்பதும் தெரியும். உன் திருமண மேடையில் அவர் நோவாவைச் சொல்லி உங்களை வாழ்த்தியபோது, விவரங்களில் ஒன்பது பிழைகள் வந்தன. சபையில் எழுந்து சொல்லும் துணிச்சல் எனக்கு ஏது? அதனால் மறுநாள் நாலு பக்கக் கடிதமாக, வசன எண்களோடு எழுதி அனுப்பினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு இருக்கைகளை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு பேழைக்குள் போனேன். மறு கோடியில், பேழையை மேடைக்கு உருட்டச் சக்கரம் பூட்டிக்கொண்டு உன் மாமனார் குனிந்திருந்தார். நான் திரும்பிவிடலாம் என்று எண்ணிய நொடியில் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கதவின் வெளிப்புறத்துக்கு வர்ணம் பூச வந்த பெயின்டர்தான் சாத்தியவர். காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தவருக்கு நாங்கள் தட்டியது கேட்கவில்லை. பூசி முடித்துவிட்டு, 'ஈரம், தொடாதீர்' என்ற அட்டையையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த அட்டையைக் காலையில் அழகாக எழுதிக் கொடுத்தவன் நான்.

மூன்றாவது. என் கைப்பேசி ஆயர் மேசைமேல் இருந்தது. உன் மாமனார் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இருந்த ஒரே ஜன்னல் ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம். அதில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். நான் உரக்கக் கூப்பிட்டால் இருமுவது போலிருக்கும் என்று உன் அம்மா சொல்வாள் அல்லவா, உண்மைதான். ஆலயத்தைக் கூட்டுகிற அம்மா அந்தப் பக்கமாக வந்தார். "நோவா பிராக்டீஸ் பண்றாரு போலிருக்கு, பாவம், தொண்ட கட்டிடும்" என்று யாரிடமோ சொன்னார். அட்டையைப் படித்தார். தொடவில்லை. அவ்வளவு கட்டுப்பாடான சபை நம்முடையது.

பிறகு வேறென்ன செய்வது, உட்கார்ந்தோம். நாலு அடி அகலத்தில் எதிரெதிரே இருவர் உட்கார்ந்தால் முழங்கால் முட்டுகிறது. விகிதத்தை நான் மாற்றியிருந்தால் முட்டியிருக்காது. உன் மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தாப்பா வெளிய மட்டும் வைக்கச் சொன்ன புண்ணியவான் யாரு?"

"ஆதியாகமம் ஏழு, பதினாறு" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார். "உங்க லெட்டர இன்னும் வச்சிருக்கேன், சம்பந்தி. பஸ் ஓட்டுனவன் நான், மேடையில நின்னு பேசுனதே அன்னிக்குத்தான். பதினோரு நாளு, விடியக்காலையில காலி வண்டியில உக்காந்து சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நல்லாப் பேசுனேன்னு ஒரு வார்த்தை எழுதிட்டு, அதுக்கப்புறம் தொண்ணூறு தப்பு எழுதியிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேன்."

ஒன்பதுதான் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. கடவுள் கிருபையால் அங்கேயே நின்றது. "அந்தக் கடிதத்த நான் எழுதியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க" என்றேன். மூன்று வருடமாக வரைவு வரைவாக எழுதிக் கிழித்தது, சொல்லும்போது ஒரு வரிதான் இருந்தது.

"புறா மூணு தரம் போச்சுன்னு எழுதியிருந்தீங்க. எடுத்துப் பாத்தேன். கரெக்ட்டுதான். அதுதான் இன்னும் எரிஞ்சுது" என்று சிரித்தார்.

நான்காவது. இதை நான் சரியாக எழுத வேண்டும். பேச்சை மாற்ற எண்ணி, நாடகத்துக்கு நான் எழுதியிருந்த முன்னுரையைச் சொன்னேன். 'கதவு அடைபட்டது, தவணை முடிந்தது, இதுவே நியாயத்தீர்ப்பு' என்பது அதன் சாரம். அவர் தலையை ஆட்டினார்.

"நான் அப்படி நெனைக்கல. முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டிருக்கேன், அதுல பாதி கடைசி வண்டி. கண்ணாடியில பாத்தா ஒருத்தன் ஓடி வருவான். அவன ஏத்துனா அவனுக்குப் பின்னாடி இன்னொருத்தன். கதவு என் பொறுப்புல இருந்தா வண்டி ஸ்டாண்ட விட்டு நகராது, சம்பந்தி. அதனாலதான் விசில கண்டக்டர்கிட்ட கொடுத்தாங்க. நோவா மட்டும் என்ன? வெளிய நின்னவங்க அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், கூடப் படிச்சவன். தொறந்தா எல்லாரும் முழுகணும். தொறக்கலன்னா ஆயுசுக்கும் அவனுக்குத் தூக்கம் வராது. அந்தப் பாரம் உனக்கு வேண்டாம்டான்னு ஆண்டவரே சாத்திக்கிட்டாரு. நீங்க அதத் தீர்ப்புங்கறீங்க. எனக்கு எரக்கமாப் படுது."

நான் விடவில்லை. பயந்தவன்தான், ஆனால் வேதம் என்று வந்தால் விடுவதில்லை. "உள்ளே இருந்தவனுக்கு இரக்கம், சரி. வெளியே நின்னவங்களுக்கு?"

அவர் கையிலிருந்த ஸ்பானரால் சக்கரத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "தாப்பா எந்தப் பக்கம் இருக்குது?" என்றார்.

"வெளிப்பக்கம்."

"அப்ப சாத்துனவரு எந்தப் பக்கம் நின்னாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மகளே. கதவை வெளியிலிருந்து சாத்தியவர் வெளியேதான் நின்றிருக்க வேண்டும், மழையில், முழுகப் போகிறவர்களோடு. நாற்பது வருடமாகப் பேதுருவின் முதல் நிருபத்தில் ஓர் இடத்தைப் பொருள் விளங்காமல் தாண்டிக்கொண்டே வந்திருக்கிறேன். கிறிஸ்து, நோவாவின் நாட்களில் கீழ்ப்படியாமல் போன ஆவிகளிடம் போய்ப் பிரசங்கித்தார் என்று வரும் இடம். தாம் கைவிட்டவர்களைத் தேடி ஒருவர் ஏன் போக வேண்டும் என்று நினைப்பேன். அவர்களை விட்டு அவர் நகரவே இல்லை என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. ஊருக்கு வெளியே சிலுவையில் நின்றதும் அதே இடம்தானே? நான் வைத்த தாழ்ப்பாள், நான் பார்த்துப் பார்த்து வைத்தது, அதற்குப் பொருள் சொல்ல ஒரு பஸ் டிரைவர் வர வேண்டியிருந்தது. இறையியல் முறைப்படி இது நிற்குமா என்று ஆயரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை, பேழைக்குள்ளேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "தூசியா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டு, உன் மாமனாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

ஐந்தரைக்குத் தூரிகையை மறந்து போன பெயின்டர் திரும்பி வந்து கதவைத் திறந்தார். "ஐயையோ, உள்ள ஆளா! இப்ப தொடலாம் சார், நல்லாக் காஞ்சிடுச்சு" என்றார். இரண்டரை மணி நேரம் உள்ளே எப்படிப் பொறுத்திருந்தீர்கள் என்று உன் அம்மா கேட்டாள். அதற்கு உன் மாமனார், "அடக்குறது டிரைவருக்கு உத்தியோகம்மா. உங்க வீட்டுக்காரர்தான் முன்னுரைய மறந்துட்டு பாத்ரூமுக்கு ஓடுனாரு" என்றார். அது மட்டும் நிஜம்.

ஐந்தாவது. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு. நாங்கள் இருவரும் ஒரே பக்கம், வலது கோடியில் நிற்கிறோம். இடதுபுறம் காற்று வராது என்கிறார். முன்னுரையைக் கிழித்துவிட்டேன். புதியதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், இதுவரை ஒன்றும் திருத்தவில்லை. மூழ்கடித்த அதே தண்ணீர்தான் பேழையைத் தூக்கியது என்ற ஒரு வரியை மட்டும் என்னுடையதாகச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார். குழந்தையின் நெற்றியில் தண்ணீர் விழும்போது அதை நினைத்துக்கொள்வேன். எனக்கு இவ்வளவும் கொடுத்த ஆண்டவருக்கும், தச்சருக்கும், பெயின்டருக்கும் நன்றி. வீம்பு பிடித்த உனக்கும்தான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்தியின் உச்சியில் எங்கள் இருவர் சார்பிலும் இரண்டு முத்தம். கர்த்தரின் நிழல் உங்கள் மூவர் மேலும் நீங்காமல் இருப்பதாக.

அன்புள்ள
அப்பா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், தேதி பற்றிப் பேச உன் மாமியார் வந்தார். "ரெண்டரை மணி நேரமா ஆளக் காணோமே, நீங்க தேடவே இல்லையா?" என்று உன் அம்மா கேட்டாள். "எதுக்குத் தேடணும்? அவருதான் மெசேஜ் போட்டாரே" என்று கைப்பேசியை நீட்டினார். மூன்று இருபத்தைந்துக்கு வந்திருக்கிறது, நான் ஜன்னலில் வாயை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்: "பேழைக்குள்ள மாட்டிக்கிட்டோம். நல்லா இருக்கோம். யாரையும் தொறக்க அனுப்பாத. இன்னிக்கு விட்டா இந்த மனுசன் மறுபடியும் லெட்டர்தான் போடுவாரு."

ஆகவே, மேலே மூன்றாவதாகச் சொன்னது தவறு. வழி இல்லாமலிருந்தது எனக்கு மட்டும்தான்.