சுமேரியாவிலிருந்து தொடங்குகிறவர்

உலகத்தில் ஒரு வகை மனிதர் உண்டு. அவரிடம் நேரம் கேட்டால் நேரம் சொல்லமாட்டார். நேரம் எப்படி உண்டானது என்று சொல்வார்.

உங்களுக்கு அவரைத் தெரியும். கலியாண வீட்டில் வாழ்த்துரை சொல்ல எழும்பி, மாப்பிள்ளையின் பெயருக்கு வந்து சேர்வதற்குள் சோழர் படையெடுப்பு முழுவதையும் நடத்தி முடிக்கிறாரே, அவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கூட்டிய கூட்டத்தில், பூமியில் முதல் மழை பெய்த நாளிலிருந்து தொடங்குகிறாரே, அவரும்தான். இவர்கள் எல்லோரும் ஆதியிலிருந்து தொடங்குகிறவர்கள். நடுவிலிருந்து எதையும் தொடங்க இவர்களுக்கு ஏலாது. இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. நாம் பார்க்கப் போவது அதில் அரிதான ஒன்று: சுமேரியாவிலிருந்து தொடங்குகிறவர்.

சுமேரியர் எங்கள் ஆட்கள்தான் என்று மார்தட்டுகிறவரோடு இவரைக் குழப்பிவிடாதீர்கள். அவர் ஆபத்தில்லாதவர், ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். இவர் ஆதாரத்தோடு வருவார். நிலாவெளி பஸ் பிந்துகிறது என்று நீங்கள் அலுத்துக்கொண்டால், மணியை அறுபதாகப் பிரிக்கும் பழக்கம் பபிலோனியர் கணக்கின் வழி வந்தது என்பார். கடைக்காரன் பழுதான மின்விசிறியைத் தலையில் கட்டிவிட்டான் என்று நீங்கள் கொதித்தால், மட்டமான செம்பைக் கொடுத்து ஏமாற்றிய வியாபாரிக்கு எதிராக ‘ஊர்’ என்ற பண்டைய நகரத்தில் ஒருவன் களிமண்ணில் எழுதிய முறைப்பாட்டை வரி வரியாகச் சொல்வார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாத்தியாரிடம் அடி வாங்கி அழுதுகொண்டு வந்தால், சுமேரியப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஒரே நாளில் எத்தனை பேரிடம் அடி வாங்கினான் என்று சொல்லி ஆறுதல்படுத்துவார். பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். பயத்தில்.

சல்லிக் கிராமத்து லதீசன் இந்தக் கிளையின் நல்ல மாதிரி. அவன் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவன்தான், போன இடத்தில் பண்டைய வரலாறு படித்தான், பட்டத்தோடு வந்தான், வேலை இன்னும் வரவில்லை. அவனுடைய அப்பா கதிரவேல், கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைக்கு மண்டாடி. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே நிற்கிறது, வலையை எங்கே வளைக்க வேண்டும் என்று சொல்கிற ஆள். ஊரில் லதீசனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "பபிலோன் வருது" என்பார்கள், மழை வருகிறது என்பதுபோல. சொல்லிவிட்டு ஒதுங்குவார்கள், அதுவும் மழைக்குப்போலத்தான்.

"மகன், காஸ் முடிஞ்சுது. ஒருக்காக் கடைக்கு ஓடிப் போயிட்டு வா," என்பாள் அம்மா பூரணம்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ, உருக் நகரத்திலை வேலை செய்த ஆக்களுக்குச் சாப்பாட்டை ஒரே அளவுக் கிண்ணத்திலைதான்..."

"அண்ணா," என்பாள் தங்கை விதுசா, செருப்பைக் கொழுவிக்கொண்டே. "நீ பபிலோனுக்குப் போயிட்டு வா. நான் கடைக்குப் போயிட்டு வாறன். ஆர் முதல் வந்து சேருறது எண்டு பாப்பம்."

ஏன் இவன் இப்படி? அவனே தன்னைப் பல தடவை கேட்டிருக்கிறான். கேட்டபோதெல்லாம் ஒரே விடைதான் கிடைத்தது, அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் இருந்த எதைப் பற்றியும் அப்பாவுக்கு அவனைவிடக் கூடத் தெரியும். காற்றைப் பற்றி, கயிற்றைப் பற்றி, மீனைப் பற்றி, மனிதரைப் பற்றி. நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் போனால் மட்டும் அப்பா வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனத்துக்குள் லதீசன் ஒரு வீடு கட்டிக் குடியிருந்தான். யார்தான் கட்டமாட்டார்கள்?

இப்படியே அவன் காலம் போயிருக்கும், அந்த ஹோட்டல் வராவிட்டால். கடற்கரையில் புதிதாக எழும்பிய ஹோட்டல் ஒன்று, கதிரவேலின் ஆட்கள் வலை இழுக்கும் கரைத்துண்டு தனக்கு வேண்டும் என்று கேட்டது. வெளிநாட்டாரை ஏற்றி ஓட்டுகிற படகுகள் வந்து நிற்பதற்கு. அந்தக் கரைத்துண்டைப் பாடு என்பார்கள். வலையை எங்கேயும் வாங்கலாம். பாடு போனால் போனதுதான், இழுக்கக் கரை இருக்காது. அங்கே இப்போது யாருமே வலை இழுப்பதில்லை என்று ஹோட்டல் மனுவில் எழுதியிருந்தது. உண்மையா என்று கண்ணால் பார்த்து அறிக்கை எழுத அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வலை வருவதை அவர் பார்த்தால் பாடு மிஞ்சும். பார்க்காமல் போனால் கயிறு பிடிக்கிற அத்தனை வீட்டு அடுப்பும் அணையும்.

சிக்கல் என்னவென்றால், கரைவலை அதிகாரிக்காக வராது. காலையில் வளைத்த வலை கரைக்கு வர நேரம் எடுக்கும். அதிகாரியோ காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குச்சவெளிக்குப் போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முந்தின நாள் கதிரவேல் மகனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அவரை நீதான் மறிச்சு வைக்கவேணும்."

"நான் என்ன செய்யிறது அப்பா?"

"கதை."

"என்னத்தைக் கதைக்கிறது?"

கதிரவேல் கடலைப் பார்த்தார். இப்படி ஒரு வசனம் தன் வாயிலிருந்து வரும் என்று அவர் வாழ்நாளில் நினைத்திருக்கமாட்டார். "உன்ரை பபிலோனைச் சொல்லு. முழுக்கச் சொல்லு. ஒண்டையும் விடாதை."

கேட்டால் மனம் குளிரவேண்டிய வார்த்தை அல்லவா இது? லதீசனுக்குச் சுருக்கென்று குத்தியது. தன் படிப்பு ஒரு மனிதரைக் கட்டிப்போடுகிற கயிறு என்றுதான் ஊர் நினைக்கிறதா? இரவெல்லாம் புரண்டு படுத்து யோசித்தான். விடியும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, தேவையானதை மட்டும் பேசுவது என்று முடிவெடுத்திருந்தான். மற்ற நாட்களையெல்லாம் விட்டுவிட்டு, அன்றைக்கு!

அதிகாரியின் பெயர் றஊப். ஒல்லியான மனிதர், கண்ணாடி, கையில் கோப்பு. வாடி என்று சொல்லப்படுகிற வலைக்கொட்டிலுக்கு முன்னால், கடலைப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். பூரணம் பால் விடாத பிளேன்ரீ கொண்டு வந்து வைத்தாள்.

"சேர், இது எங்கடை பாடு," என்றான் லதீசன். "இப்பவும் வலை இழுக்கிறம். இண்டைக்கும் கடலிலை வலை கிடக்குது. ஹோட்டல் சொல்லுறது பொய்."

பேசி முடித்துவிட்டான்.

பிளேன்ரீ இன்னும் ஆறவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விதுசா அண்ணனுக்குப் பின்னால் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணா, சுமேரியா," என்றாள்.

"அது இங்கை தேவையில்லை," என்றான் அவன்.

"எட, பாவி! நிப்பாட்டச் சொன்ன நாளிலையெல்லாம் நிப்பாட்ட மாட்டாய்!"

றஊப் எழும்பிவிட்டார். "சரி தம்பி, விளங்குது. ஆனா நான் காணாததை எழுத ஏலாது. சட்டம் எண்டா அப்பிடித்தான். ஹமுராபி காலத்திலையிருந்து சாட்சி இல்லாமல் ஒண்டும் நடக்காது. உலகத்திலை முதல் முதல் சட்டம் எழுதின ஆளே அவர்தானே."

இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லதீசன் பிடித்துக்கொண்டான். இரவு எடுத்த முடிவை நினைத்தான். உதட்டைக் கடித்தான். அதிகாரி இரண்டடி வைத்தார்.

"இல்லை சேர்," என்றான். "ஊர்-நம்மு."

"என்ன?"

"ஹமுராபிக்கு முந்நூறு வருசத்துக்கு முன்னமே ஊர்-நம்முவின்ரை சட்டம் இருக்குது. ஹமுராபி எழுதினது அக்காடிய மொழி. அது சுமேரிய மொழி."

றஊப் திரும்பினார். அவருடைய முகத்தில் ஒரு மாற்றம். நெடுங்காலம் தனியாகத் திரிந்த ஒரு பறவை, தன் இனத்தின் குரலைக் கேட்டால் இப்படித்தான் தலையைச் சரிக்கும். வரலாறு படிக்க ஆசைப்பட்டு, வீட்டார் சொன்னதற்காகக் கணக்கியல் படித்த மனிதர் அவர். கந்தோரில் யாரும் அவரோடு சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவதில்லை என்பதும், ஏன் சாப்பிடுவதில்லை என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

"தம்பி, அதை நான் ஏற்கமாட்டன்," என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். "உடைஞ்ச துண்டுகளை வைச்சுக்கொண்டு எப்பிடி முதல் எண்டு சொல்லுறது? ஹமுராபியின்ரை கல்லு முழுசா நிக்குது."

"முழுசா நிண்டால் முதல் எண்டு ஆகுமோ சேர்?"

வெயில் கடல் பக்கமிருந்து நேரே கண்ணில் அடித்தது. கிழக்குக் கரை, காலை நேரம். றஊப் கண்ணைச் சுருக்கினார். விருந்தாளிக்கு மரியாதை செய்யத் தெரிந்த பிள்ளை லதீசன். ஓடிப்போய்க் கதிரையைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தான். தன்னுடையதையும் திருப்பினான். இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. மணலில் விரலால் இரண்டு கோடு கீறினார்கள். ஒன்று தைகிரிஸ், ஒன்று யூப்ரடீஸ். சிப்பி ஊர் நகரமானது. பிளேன்ரீக் கோப்பை பபிலோன் ஆனது. சார்கோன் அரசன் அக்காடிலிருந்து புறப்பட்டு, றஊப் சேரின் சப்பாத்தைச் சுற்றிக்கொண்டு போய் எல்லா நகரத்தையும் பிடித்தான்.

அவர்களுக்குப் பின்னால் வலை வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக் கயிற்றுக்காரரும் ஆளை ஆள் நெருங்கினார்கள். மீன் சேரும் பையான மடி கரைக்குக் கிட்ட வந்து கனத்தது. நல்ல சூடை மீன், நடுவில் பாரையும் துள்ளியது. பார்க்கவேண்டியவர் பார்க்கவேண்டும் என்று, ஆட்கள் வழக்கத்தைவிட இரண்டு பங்கு சத்தத்தில் வலை இழுக்கும் அம்பாப் பாட்டை எடுத்தார்கள். கதிரவேல் தொண்டை கிழியக் கத்தினார்.

றஊப் திரும்பாமலே கையைத் தூக்கினார். "கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கோ தம்பி, நீங்கள் சொல்லுறது கேக்கேல்லை."

லதீசனும் திரும்பவில்லை. "அப்பா! கொஞ்சம் மெதுவா!" என்றான்.

கரையில் ஒரு கணம் பாட்டு நின்றது. பிறகு கதிரவேல் சொன்ன ஒரு சொல்லை இங்கே எழுத முடியாது.

மடி ஏறியது. மீன் பங்கு பிரித்தாயிற்று. வலையைச் சுருட்டி வாடிக்குள் வைத்தாயிற்று. பூரணம் ஒரு பையில் மீனோடு வந்து அதிகாரிக்கு முன்னால் நீட்டியபோதுதான் ஹமுராபியும் ஊர்-நம்முவும் சண்டையை நிறுத்தினார்கள்.

"ஏதம்மா மீன்?"

"இப்ப இழுத்தது சேர்."

றஊப் எழும்பித் திரும்பிப் பார்த்தார். வெறும் மணல். வெறும் கடல். லதீசனும் பார்த்தான்.

"எங்கை?" என்றார் றஊப். மனிதர் நேர்மையானவர், அதுதான் கஷ்டம். "நான் காணேல்லையே. காணாததை எப்பிடியம்மா எழுதுறது?"

"நீங்கள் காணேல்லை சேர்," என்றாள் விதுசா, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ஆனால் இது கண்டிருக்குது."

தண்ணீருக்குள் நின்று கரையைப் பார்த்து எடுத்த படம் நன்றாக விழுந்திருந்தது. கயிறு, ஆட்கள், கனத்த மடி, துள்ளும் மீன். அவற்றுக்கு அப்பால், படத்தின் நட்டநடுவில், இரண்டு கதிரை, இரண்டு முதுகு. ஒரு கை மேலே எழும்பி, சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறது.

றஊப் அதை இரண்டு தரம் பார்த்தார். இரண்டாம் தரம் பார்க்கும்போது காது சிவந்துவிட்டது. "தங்கச்சி, இதை ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ."

"நீங்கள் எழுதினால் நான் ஏன் சேர் அனுப்பப்போறன்?"

அந்த இடத்திலேயே கதிரையில் உட்கார்ந்து எழுதினார். இம்முறை கதிரை கடலைப் பார்த்திருந்தது. மீனை வாங்கிக்கொள்ளவில்லை, ஊர்-நம்முவைப் பற்றிய புத்தகத்தின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு குச்சவெளிக்குப் போனார்.

அன்று பின்னேரம் லதீசன் வாடிப் பக்கம் போகப் பயந்து வேலியோடு நின்றான். கதிரவேல்தான் வந்தார். மகளின் கைப்பேசியைக் கையில் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"உன்ரை முதுகு நல்லா விழுந்திருக்குதடா," என்றார். "அதுசரி, ஆரடா முதல்?" என்று கேட்டார்.

லதீசன் வாயைத் திறந்தான். மூடினான். "ஊர்-நம்மு அப்பா," என்றான். அவ்வளவுதான். அவனால் அது முடிந்தது என்பதை விதுசா இன்றுவரை நம்பவில்லை.

பாடு மிஞ்சியது. இனமும் மிஞ்சியது, அது அழிகிற இனம் இல்லை. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இதை வாசித்துக்கொண்டு வரும்போது, அந்தச் சட்டங்களுக்கும் முன்னால் லகாஷ் நகரத்தில் ஓர் அரசன் சீர்திருத்தம் செய்தானே, இந்த எழுத்தாளருக்கு அது தெரியாதா என்று உங்களுக்கு ஒரு நமைச்சல் வந்ததா? இதைத் திருத்தி ஒரு கடிதம் எழுதத்தான் வேண்டும் என்று பேனாவைத் தேடுகிறீர்களா? தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி: கதிரையை ஒருமுறை திருப்பிப் போட்டு, உங்களுக்குப் பின்னால் யார் இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.