எங்கள் ஹைட்ராலிக் பிரிவு

கடிதத்தை மூன்றாவது தடவை படித்தபோதும் அதில் அதே வாக்கியம்தான் இருந்தது. பல் மருத்துவமனையின் கொள்முதல் கமிட்டி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பட்டறையைப் பார்வையிடும். "உங்கள் குழுவினர் அனைவரையும்" சந்திக்கும்.

மெக்கானிக் பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். குழுவினர் அனைவரும் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். அதாவது, அவன்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் நோயாளியைச் சாய்த்து வைக்கிற நாற்காலியைப் பழுது பார்ப்பது தொழில். ஏறிய நாற்காலி இறங்கவில்லை, இறங்கியது ஏறவில்லை, எண்ணெய் ஒழுகுகிறது என்று கூப்பிடுவார்கள். கைவேலையில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. வினை வந்தது கடிதத்தால்.

தொழில் தொடங்கிய புதிதில் ஆங்கிலக் கடிதத்தில் "ஐ" என்றுதான் எழுதினான். நான் பார்த்தேன், நான் சரிசெய்து தருவேன். ஒருவரும் பதில் போடவில்லை. ஒருநாள் பழைய முதலாளியின் கடித நகல் ஒன்று கையில் சிக்கியது. அதைப் பார்த்து "வீ" என்று எழுதினான். நாங்கள் பார்த்தோம், நாங்கள் சரிசெய்து தருவோம். மறுநாளே பதில் வந்துவிட்டது. அன்றோடு "ஐ" ஒழிந்தது.

இரண்டு வருஷத்தில் அந்த "வீ" குட்டி போட்டது. எங்கள் எலெக்ட்ரிகல் பிரிவு ஆய்வு செய்துகொண்டிருக்கிறது என்று எழுதினால், அவன் டெஸ்டரைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் ஹைட்ராலிக் நிபுணர் விடுப்பில் இருக்கிறார் என்றால் அவனுக்குக் காய்ச்சல்.

அவன் மனைவி டியூட்டோரியலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து அவன் மடியில் போட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன். ஒத்த ஆளு 'வீ'ங்கிறது ராஜாக்கள் பார்த்த வேலை. நாடே தன் வாய் வழியாப் பேசுதுன்னு நெனப்பு. அப்புறம் பத்திரிகை ஆசிரியருங்க பிடிச்சுக்கிட்டாங்க. இப்ப நீங்க."

"கம்பெனின்னா அப்படித்தான் எழுதணும்."

"கம்பெனின்னா ஆள் இருக்கணும். ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசு அந்த வார்த்தை. அந்தக் காலத்து இங்கிலீஷ்ல ரெண்டே ரெண்டு பேருக்குன்னு தனியா இன்னொரு வார்த்தை இருந்துச்சு, தெரியுமா? நானும் நீயும் மட்டும்ங்கிற மாதிரி. அது செத்துப்போச்சு."

"ஏன்?"

"ரெண்டு பேரா உட்கார்ந்து பேச யாருக்கு நேரம் இருந்துச்சோ," என்று சொல்லி அவனை ஒரு பார்வை பார்த்தாள். மெக்கானிக் கடிதத்தைப் பார்த்தான்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க."

சொல்லலாம்தான். ஆனால் அந்த மருத்துவமனையில் நாற்பது நாற்காலிகள். ஒரு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம். கிடைத்தால் பிழைத்தான். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பழைய முதலாளியிடமே போய் நிற்க வேண்டும். அவர் வேலை கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சிரிப்பார்.

அதனால் அவன் மின்னஞ்சலில் ஒரு பதில் எழுதினான். மிகவும் வருந்துகிறோம், எங்கள் குழுவினர் வெளியூர் வேலையில் இருக்கிறார்கள்.

பத்து நிமிஷத்தில் மறுபதில். பரவாயில்லை, எங்கள் கமிட்டி பட்டறையிலேயே காத்திருக்கும், எல்லோரும் திரும்பி வரும் வரை.

"நல்லா எழுதினீங்க," என்றாள் மனைவி. "இனி சோறும் போடணும்."

வேறு வழியில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஆள் எடுப்பு நடந்தது. கணக்குப் பிரிவுக்கு மனைவி. ஹைட்ராலிக் பிரிவுக்கு மாமனார். அவர் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஹைட்ராலிக்குன்னா என்ன மாப்பிள்ளை?"

"எண்ணெய் அழுத்தம், மாமா."

"எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு. அது போதுமா?"

"போதும் மாமா. கோட்டு போட்டுக்கிட்டு நின்னா போதும்."

"நிக்கிறதுக்கு நான் என்ன கம்பமா? எனக்கு ஒரு பதவி வேணும். சும்மா பிரிவுன்னு சொன்னா எவன் மதிப்பான்?"

அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அவர் ஜெனரல் மேனேஜர் ஆனார். மெக்கானிக் அவருக்குக் கீழே உதவியாளனாக இறங்கினான். எலெக்ட்ரிகல் பிரிவுக்கு மச்சான். முப்பது வயதில் அவன் நிலைத்து நின்ற ஒரே வேலை தூக்கம்.

"நான் என்ன பேசணும் அத்தான்?"

"ஒண்ணும் பேசாத. ஏதாவது கேட்டா 'வீ ஆர் செக்கிங்'னு சொல்லு."

"எதைச் செக் பண்றோம்?"

"அதைத்தான் நீ சொல்லக் கூடாது."

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி வந்து இறங்கியது. முன்னால் ஒரு மேடம், கையில் கோப்பு. பின்னால் கண்ணாடி போட்ட குண்டு மனிதர். அவருக்கும் பின்னால் ஒல்லியாக ஒருவர், தோளை விட ஒரு சாண் பெரிய கோட்டில். ஒல்லிக்காரர் வாயே திறக்கவில்லை. மூன்று பேரில் பேசாதவன்தான் விஷயம் தெரிந்தவன் என்பது மெக்கானிக்கின் அனுபவம். இவர்தான் நிபுணர். இவர் ஒருமுறை தலையசைத்தால் நாற்பது நாற்காலி.

வாசலிலேயே ஜெனரல் மேனேஜர் கையை நீட்டிவிட்டார். முப்பது வருஷப் பழக்கம்.

"அடையாள அட்டை."

ஒல்லிக்காரரின் கை கோட்டுப் பைக்குள் போனது. வெறுமனே திரும்பி வந்தது. நெற்றியில் வியர்வை.

"நாங்க கமிட்டி," என்றாள் மேடம் சட்டென்று. "கமிட்டியா வரும்போது கார்டு எடுத்துட்டு வர்றதில்ல."

"இப்படிச் சொன்னவங்க எத்தனை பேரை இறக்கி விட்டிருக்கேன் தெரியுமா?"

"மாமா," என்று நடுவில் புகுந்த மெக்கானிக், நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிக்கணும். ஜி.எம். சார். அவங்க உட்காரட்டும்."

நிபுணரைக் கோபப்படுத்தியாகிவிட்டது. உட்கார்ந்ததும் மேடம் குண்டு மனிதரைத் திரும்பிப் பார்த்தாள். "நிமிர்ந்து உட்காருங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லி, அவர் தோளில் இருந்த ஒரு நூலைக் கிள்ளி எறிந்தாள். அவர் உடனே நிமிர்ந்தார். என்ன கட்டுப்பாடான அலுவலகம் என்று மெக்கானிக் அசந்துபோனான். அவன் மனைவி மட்டும் அந்த நூல் விழுந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கமிட்டி செயல்முறை பார்க்க விரும்புது," என்றாள் மேடம்.

கோபத்தைத் தணிக்க இதுதான் சமயம் என்று மெக்கானிக், பழுது பார்த்து வைத்திருந்த நாற்காலியில் நிபுணரையே உட்காரச் சொன்னான். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கண்ணைக் காட்டினாள். உட்கார்ந்தார்.

"எலெக்ட்ரிகல் பிரிவு, மேலே ஏத்துங்க."

மச்சான் மிதியை மிதித்தான். நாற்காலி பூப்போல ஏறியது. காலை எடுக்கச் சொல்ல மெக்கானிக் மறந்துவிட்டான். மச்சானும் எடுக்கவில்லை. பிறகு பதறி எடுத்தபோது மிதி உள்ளேயே சிக்கிக்கொண்டது. நாற்காலி உச்சிக்கு ஏறி, அங்கிருந்து பின்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நிபுணரின் கால்கள் விட்டத்தைப் பார்த்தன. ஒரு ஷூ கழன்று கணக்குப் பிரிவின் மேஜையில் விழுந்தது. அப்போதும் மனிதர் வாய் திறக்கவில்லை.

"என்ன நடக்குது?" என்றாள் மேடம்.

"வீ ஆர் செக்கிங்," என்றான் மச்சான்.

"இது ஹைட்ராலிக் பிரச்சினை மாதிரி இருக்கே. உங்க நிபுணர் யாரு?"

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். மாமனார் நாற்காலியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

"இதை நாங்க அவசரப்பட்டு முடிவு பண்றதில்ல," என்றார். "நாங்க கூடிப் பேசுவோம்."

"அதுவரைக்கும் இவரு?"

"இருக்கட்டும். பத்திரமாத்தானே இருக்காரு."

மெக்கானிக் மின்சாரத்தை அணைத்தான். இருந்த ஒரே நல்ல சட்டையோடு நாற்காலிக்கு அடியில் படுத்து நுழைந்து, ஸ்பேனரால் வால்வைத் திறந்துவிட்டான். நாற்காலி புஸ்ஸென்று மூச்சு விட்டபடி கீழே இறங்கியது. இரண்டே நிமிஷம். வெளியே வந்தபோது முகத்தில் பாதி எண்ணெய்.

மேடம் கோப்பைத் திறந்து எதையோ எழுதினாள்.

"எங்க கமிட்டிக்குத் திருப்தி. நாற்பது நாற்காலியும் உங்களுக்குத்தான். பழுதுன்னா இந்த உதவியாளர் ஒருத்தர் வந்தா போதும்."

மெக்கானிக்கின் கண்ணில் நீர் முட்டியது. வாயைத் திறந்து நன்றி சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மாமனார் முந்திக்கொண்டார்.

"அதெப்படி? ஜி.எம். இல்லாம இங்க ஒரு ஸ்குரூ கழலாது. போனா நாங்க நாலு பேரும்தான் போவோம்."

மேடத்தின் முகம் சுண்டியது. "நாலு பேரா? அப்ப எங்க கமிட்டியும் சும்மா இருக்காது. நீங்க நாலு பேரு வந்து வேலை பார்க்கிற ஒவ்வொரு தடவையும் நாங்க மூணு பேரும் கூடவே நின்னு மேற்பார்வை பார்ப்போம். இதையும் ஒப்பந்தத்துல சேர்த்துடறேன்."

"தாராளமா," என்றார் மாமனார்.

குண்டு மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான், காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கும் என்று அக்காவிடம் கிசுகிசுத்தான். மெக்கானிக் கையெழுத்துப் போட்டான். நாற்பது நாற்காலி, வருஷம் முழுவதும், ஒவ்வொரு வாஷருக்கும் ஏழு பேர். வேலை கிடைத்துவிட்டது. அதைச் செய்யத்தான் வழியில்லாமல் போய்விட்டது.

மேடமும் குண்டு மனிதரும் கிளம்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்கள். நிபுணர் மட்டும் பின்தங்கினார். கணக்குப் பிரிவு நீட்டிய ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டார். மெக்கானிக் வாசல் வரை கூடவே போனான். எப்படியாவது இவர் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லி, காலில் விழுந்தாவது அந்த விதியை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று வார்த்தையைத் தேடினான்.

"சார், அந்த நாலு பேர் விஷயம்..."

நிபுணர் காரின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி முதல்முறையாக வாய் திறந்தார்.

"அண்ணே, நீங்க மத்த மூணு பேரையும் வீட்டுலயே விட்டுட்டு வந்தீங்கன்னா, மேடமும் அவங்க வீட்டுக்காரரை வீட்டுலயே விட்டுட்டு வருவாங்க, நானும் இந்தக் கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு என் டாக்ஸியை ஓட்டப் போயிடுவேன்."