கயிற்றுக்கு ஒரு மார்க்

செட்டிகுளம்,
ஐப்பசி 12.

திருப்பூரில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கும் மரியாதைக்குரிய அக்கா கொளஞ்சியம்மாள் அவர்களுக்கு, தம்பி அய்யம்பெருமாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜோதியும் பிள்ளை வெற்றிச்செல்வியும் நலம். அங்கே தாங்களும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நலந்தானே? தங்களுடைய முட்டிவலி தைலத்துக்குக் கட்டுப்பட்டதா?

மரியாதை இதோடு முடிந்தது. இனிமேல் 'நீ' என்றுதான் எழுதுவேன், கோபமாக இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை கடுமையாகப் பேசினால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் வந்த வேலையை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. நீ அழுதாலும் எனக்குக் கேட்காது.

சித்திரை லீவில் பிள்ளை உன் வீட்டில் பத்து நாள் தங்கினாள். பத்து நாளும் கடைவீதிக்குக் கூட்டிப் போனாய், பனியன் வாங்கிக் கொடுத்தாய், எல்லாம் சரி. அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? உடையார்பாளையம் பக்கத்தில் நம் பழைய ஊரில், பண்ணைவீட்டு முந்திரித் தோப்பில், நம் அப்பா உத்திராபதியை மரத்தில் கட்டிப்போட்ட கதையை எதற்கு அவளிடம் சொன்னாய்? அப்போது எனக்கு மூன்று வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியப்பா குடித்துவிட்டு உளறியதுதான்: அரைக்கூடை முந்திரிக்கொட்டை காணாமல் போனது, அப்பாவைப் பிடித்துக் கட்டினார்கள், சாயங்காலம் பண்ணையாரே மனம் இரங்கி அவிழ்த்துவிட்டார். அவ்வளவுதான். அதைக்கூட நான் இத்தனை வருஷம் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக முப்பத்தொரு வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கினேன், கூட வேலை செய்தவனுக்கும் தெரியாது, கட்டிய ஜோதிக்கும் தெரியாது. நீ ஒரு மத்தியானச் சோற்றுக்கு நடுவே அதை எடுத்துப் போட்டுவிட்டாய்.

அதனால் என்ன ஆனது என்று கேள். பிள்ளை பெரம்பலூரில் பி.ஏ. தமிழ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள் அல்லவா, அவளுக்குப் பாடமாக ஒரு நாவல். ஐம்பது வருஷத்துக்கு முன் எழுதிய பெரிய நாவலாம், அநீதியைப் பற்றியதாம். பண்ணையாள் ஒருவன் கிணற்று வாளியைத் திருடிவிட்டான் என்று பழிபோட்டு, அந்தக் கிணற்றுக் கயிற்றாலேயே அவனைக் கட்டிப்போடுகிறார்கள். முன்னூற்றுப் பத்துப் பக்கம் அவன் கஷ்டப்படுகிறான். கடைசியில் பார்த்தால் வாளி கிணற்றுக்குள்ளேயே கிடக்கிறது. சாயங்காலத்தில் பிள்ளை சத்தமாகப் படிப்பாள். ஜோதி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டு அழுவாள், அது நாவலுக்கா வெங்காயத்துக்கா என்று எனக்குப் புரிந்ததில்லை. நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நாவலோடு ஒரு நோட்ஸும் வாங்கச் சொன்னார்கள். கதாபாத்திரங்கள், குறியீடுகள், மையக்கருத்துகள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கயிறு என்றால் அடிமைத்தளை. கிணறு என்றால் சமூகத்தின் ஆழ்மனம். பண்ணையார் வீட்டு நாய் என்றால் அதிகாரம். கடைசி அத்தியாயத்தில் மழை பெய்கிறது, அது புதிய விடியல். நம் ஊரில் மழை பெய்தால் கரண்ட்தான் போகும், என் சர்வீஸில் ஒரு மழைக்கும் விடிந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், மனப்பாடம் பண்ணு என்று பிள்ளையிடம் சொன்னேன். பண்ணினாள். பரீட்சையில் 'கயிறு என்னும் குறியீட்டை விளக்குக' என்று பத்து மார்க் கேள்வி வந்தது. அடிமைத்தளை என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். இவள் மூன்று பக்கம் தன் தாத்தாவைப் பற்றி எழுதிவிட்டு வந்திருக்கிறாள். பத்துக்கு ஒரு மார்க் போட்டார்கள். அந்த ஒன்றால் பேப்பரே போய்விட்டது.

விடைத்தாள் நகலுக்கு எழுதிப்போட்டோம். அது வரும்வரை பொறுக்க முடியாமல், ரிட்டயர்மெண்ட் அன்றைக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நானே காலேஜுக்குப் போனேன். போன நாள் பார், அன்றைக்கு அந்த நாவலுக்கே கருத்தரங்கம். வாசலில் வாழைமரம், பெரிய பேனர், 'அநீதிக்கு எதிரான குரல்' என்று. நம் பிள்ளை பட்டுப்பாவாடையோடு வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்மேலும் தெளித்தாள். "நீ எதுக்குப்பா வந்த?" என்று காதோடு கேட்டாள். நான் துறைத்தலைவர் நடராசன் சாரைத் தேடிப் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை, அவசரத்தில் இருந்தார். "பாப்பா நல்லா எழுதுதுங்க. ஆனா பாடத்துல இல்லாதத எழுதிடுச்சே," என்றார்.

"நடந்ததத்தாங்க சார் எழுதியிருக்கு."

"நடந்தது சிலபஸ்ல இல்லியே. திருத்துறவருக்கு உங்க அப்பாவ எப்படித் தெரியும்?"

"அப்ப அந்த ஒரு மார்க் எதுக்குங்க?"

"கையெழுத்துக்கு," என்றார். உண்மையிலேயே அப்படித்தான் சொன்னார், அக்கா.

அப்போது ஒரு பையன் ஓடிவந்தான். நாவலை நாடகமாகப் போடுகிறார்களாம், பண்ணையாள் வேஷக்காரன் வரவில்லையாம். வகுப்பில் வேறு யாரும் அந்த வேஷத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பண்ணையார் வேஷத்துக்கு மட்டும் நாலு பேர் போட்டி. காரணம் கேட்டதற்கு அந்தப் பையன், "அத போட்டா ஹாஸ்டல்ல அந்தப் பேரே நெலச்சிடும் சார்," என்றான். நடராசன் சார் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அஞ்சே நிமிஷந்தாங்க. கட்டி வெச்சிருப்பாங்க, நீங்க 'நான் எடுக்கலிங்க சாமி'ன்னு ஒரு வரி சொன்னாப் போதும். பாப்பாவோட இன்டர்னல் மார்க்க நான் பாத்துக்கறேன்."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மார்க் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தலை தானாக ஆடிவிட்டது. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், வெறும் உடம்போடு நிற்க முடியாது என்றேன், கடைசியில் பனியனோடு விட்டார்கள்.

மேடையில் அட்டையில் செய்த மரம் ஒன்று. நான் சாய்ந்ததும் மரம் விழுந்துவிட்டது. அதனால் பின்னாலிருந்த இரும்புத் தூணில் என்னைச் சேர்த்து, முன்னால் அட்டை மரத்தை நிறுத்தினார்கள். கட்டியவன் கலைச்செல்வன் என்று ஒரு பையன், கங்காணி வேஷம். நல்ல பிள்ளை, "அப்பா, வலிச்சா சொல்லுங்க," என்று சொல்லிச் சொல்லிக் கட்டினான். ஆனால் அவன் போட்ட முடிச்சு இருக்கிறதே, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் கயிற்றை நம்பிக் கம்பத்தில் தொங்கியவன் நான். அப்படிக் கட்டக்கூடாது தம்பி, ரெண்டு சுற்றுச் சுற்றி அடியில் கொடுத்து இழு என்று நானே சொல்லிக்கொடுத்தேன். அவன் பிடித்துக்கொண்டான். கெட்டிக்காரப் பையன். நானே இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

திரை விலகுவதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். அவருக்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறதாம், முதலில் அவர் பேசட்டும், நாடகம் அப்புறம் என்றார்கள். என்னை யாரும் அவிழ்க்கவில்லை. திரையை விலக்கினார்கள், நான் அட்டை மரத்துக்குப் பின்னால் கட்டப்பட்டபடி நிற்கிறேன், மைக் எனக்கு முன்னால் நாலடியில். வந்தவர் யார் தெரியுமா? பேர் அருள்முருகன், கல் குவாரி வைத்திருக்கிறார், காலேஜுக்குக் கட்டடம் கட்டிக்கொடுத்தவர். அறிமுகம் செய்தவர் அவருடைய சொந்த ஊரையும் தாத்தா பேரையும் படித்தார். அக்கா, அது நம் ஊர். அந்தத் தாத்தாதான் முந்திரித் தோப்புக்காரர்.

நாற்பது நிமிஷம் பேசினார். நாவலைப் படித்து மூன்று நாள் தூங்கவில்லையாம். "இந்த மாதிரி கொடுமையெல்லாம் எங்கயோ நடந்திருக்கு. எங்க ஊர்ல கெடையாது. எங்க தாத்தா ஆளுங்கள பெத்த புள்ளையாத்தான் பாத்தாரு," என்றார். கூட்டம் கைதட்டியது. என்னால் கைதட்ட முடியவில்லை, கை பின்னால் இருந்தது.

பிறகு நாடகம். பண்ணையார் வேஷக்காரன் மீசையை முறுக்கி, "வாளி எங்கடா?" என்று கத்தினான். நான் சொல்லவேண்டிய வரி வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அருள்முருகனைப் பார்த்துச் சொன்னேன்: "உத்திராபதி எடுக்கலிங்க. ஒங்க தாத்தா தோப்புல கட்டி வெச்சாரே, அந்த உத்திராபதி. அவரு முந்திரிக்கொட்டய எடுக்கல. நான் அவரு மவன்."

இதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். என்ன நடக்கும் என்று நினைத்தேனோ தெரியவில்லை, ஏதோ ஒன்று.

கைதட்டினார்கள், அக்கா. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பொம்பளை வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடராசன் சார் மைக்கைப் பிடித்து, "கதாபாத்திரமாகவே மாறிவிட்டார்!" என்றார். அருள்முருகன் மேடைக்கு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கயிற்றுக்கு மேலேயே போர்த்தினார். கிட்டே வந்தவரிடம் மெதுவாக, "நெசமாத்தாங்க சொன்னேன்," என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்படியா? எங்க வூட்ல யாரும் சொன்னதில்லியே," என்றார். நடிக்கவில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது. போட்டோ எடுத்தார்கள். சிரித்தார். இறங்கிப் போய்விட்டார்.

அதற்குள் சாப்பாடு ரெடி என்று யாரோ சொல்ல, ஹால் காலியானது. பொன்னாடையோடு நான் மட்டும் நின்றேன். சாம்பார் வாசனை வந்தது, ஆள் வரவில்லை. அரைமணி நேரம் கழித்து வெற்றிச்செல்விதான் தேடிக்கொண்டு வந்தாள். பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முடிச்சோடு மல்லுக்கட்டினாள். நகம் உடைந்தது.

"ஏம்ப்பா இவ்ளோ இறுக்கமா கட்டியிருக்காங்க?"

"நான்தாம்மா சொல்லிக்குடுத்தேன்."

அவள் பல்லால் கடித்து முடிச்சை இழுத்தாள். அவிழ்த்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் இன்டர்னல் மார்க் கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பேப்பரில் போட்டோ வந்தது. 'அநீதிக்கு எதிரான நாடகத்தில் நடித்த முதியவர் அய்யாப்பிள்ளை' என்று என் பேரையே மாற்றிப் போட்டிருந்தார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் நீ. நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் அடிமைத்தளை என்று எழுதி ஏழு மார்க்காவது வாங்கியிருப்பாள், நானும் என் வீட்டில் இருந்திருப்பேன். அப்பா சாகும்வரை வாய் திறக்காத விஷயம் அது. நான் வாய் திறந்தேன், கைதட்டினார்கள். இதைவிட அவருக்கு வேறு அவமானம் வேண்டாம். அதனால் நீ செய்யவேண்டியது ஒன்றுதான். பிள்ளைக்கு ஒரு கார்டு போடு. 'நான் சொன்னதெல்லாம் வயசான காலத்தில் ஏதோ உளறியது, அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று உன் கையாலேயே எழுது. ஜனவரியில் பரீட்சையை மறுபடி எழுதும்போதாவது அவள் நோட்ஸில் இருப்பதை எழுதட்டும். இனி இந்தப் பேச்சு நம் குடும்பத்தில் வேண்டாம்.

செட்டிகுளத்து முருகன் உனக்கு முட்டிவலியைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும். மருமகனுக்கு என் விசாரிப்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. பெரியவள் நீ, நான் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி,
அய்யம்பெருமாள்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் விடைத்தாள் நகல் வந்துவிட்டது. காலேஜ் வரை போய் அதற்காக நியாயம் கேட்டேன், ஆனால் பிள்ளை என்ன எழுதினாள் என்று இன்றைக்குத்தான் படித்தேன். மூன்று பக்கத்தையும் வாசலிலேயே நின்று படித்தேன். பண்ணையார் மனம் இரங்கவே இல்லையாமே. அம்மாதான் கதிர் அரிவாளோடு தோப்புக்குள் போய், அத்தனை ஆம்பளைகளும் பார்த்துக்கொண்டு நிற்க, கயிற்றை அறுத்து அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாளாமே. அதனால்தான் விடிவதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பி இங்கே வந்தோமாமே. வெங்காயக்காட்டு வேலைக்காக வந்தோம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கக்கூடப் பயப்படுவாளே, அந்த அம்மாவா? அப்போது என்னைத் தூக்கிக்கொண்டு யார் நடந்தது? நீயா? உனக்கு ஒன்பது வயதுதானே இருக்கும்? கார்டு போடாதே. எழுதியிருந்தால் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா, நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல். அழுதாலும் பரவாயில்லை, அழுதுகொண்டே சொல்.