பல்லை உடைத்த இட்லி

உலகத்தில் வயிற்றை நிரப்பிப் பேர் வாங்கிய ஹோட்டல்கள் ஆயிரம் உண்டு. கண்ணை நிரப்பிப் பேர் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். அது விருத்தாசலம் ஜங்ஷனுக்கு எதிரே இருக்கும் ‘ராஜாம்பாள் விலாஸ்’.

வெள்ளைக்காரன் காலத்துத் தேக்குத் தூண், கால் ஆடும் பளிங்கு மேசை, புகை குடித்துக் கறுத்த சுவர் என்று எல்லா லட்சணமும் அமைந்த கட்டடம். அதை இத்தனை காலமும் ஊர்க்காரர்கள் அறியாமையால் ‘இட்லிக் கடை’ என்று நினைத்திருந்தார்கள். செராமிக் கம்பெனிகளில் ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்கள் விடியற்காலையில் அங்கே தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். அந்த நேரத்தில் அடுப்பு எரிகிற இடம் ஊரில் அது ஒன்றுதான். சினிமாக்காரர்கள் வந்து தூணைத் தடவிப் பார்த்த பிறகுதான் அது ‘பாரம்பரியம்’ என்று எல்லாருக்கும் புரிந்தது.

பின்னாலேயே கல்யாண போட்டோக்காரர்கள் வந்தார்கள். கம்மாபுரத்து மாப்பிள்ளைகள் தங்கள் மணப்பெண்ணை ஆசையாகப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வண்டி கட்டி வந்தார்கள். பட்டுப்புடவைக்காரிகள் மாவே ஊற்றாத கல்லில் தோசை திருப்பினார்கள். முதலாளி ஆதிநாராயணன் தோளில் கிடந்த துண்டைக் கழற்றிவிட்டு ‘லொகேஷன் ஓனர்’ ஆனார்.

இந்த மகத்தான முன்னேற்றத்துக்கு ஒரே இடைஞ்சல், இட்லி. விளக்குச் சூட்டில் அது காய்ந்து வெடித்தது. ஈ மொய்த்தது. கேமராவைத் திருப்புவதற்குள் பூனை வந்து ஓர் இட்லியைக் கவ்விக்கொண்டு போனது. முதலாளி, தினமும் அங்கே சாப்பிடுகிற சிங்காரவேலைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா சிங்காரவேலு, நீ கம்பெனியில அச்சுல மண்ணு ஊத்துற ஆளுதான? எனக்குக் கொஞ்சம் இட்லி ஊத்திக் குடேன். கெடக் கூடாது.”

“நம்ம சூளையில வெந்துட்டா பேரப்புள்ள காலத்துக்கும் கெடாது மொதலாளி!”

சிங்காரவேல் வாழ்நாளில் கக்கூஸ் பீங்கான்தான் ஊற்றியிருந்தார். கலைக்கு அழைப்பு வருவது இதுவே முதல் தடவை. களிமண் கரைசலை அச்சில் ஊற்றினார், காய வைத்தார், வெள்ளை பூசிச் சுட்டார். இட்லித் துணியின் வரிகூட அப்படியே விழுந்திருந்தது. நகத்தால் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது. விரிசல் இல்லை. இப்படி ஒரு இட்லியை யார் சுட்டார்கள்!

ஹோட்டலுக்கு விளம்பர போட்டோ எடுக்கச் சென்னையிலிருந்து சண்முகப்ரியா வந்தாள். ‘பரம்பரை வாடிக்கையாளர்’ வேடத்துக்கும் சிங்காரவேலே பொருத்தம் என்றாள். ஷிப்டு முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்தவரை அப்படியே உட்கார வைத்தார்கள். புகை வந்தால் படம் கெடும் என்று அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை.

“ஐயா, இன்னும் கொஞ்சம் பசியா பாருங்க.”

“நெசமாவே பசிதாம்மா. இன்னும் ஒண்ணும் திங்கல.”

“சூப்பர்! அத அப்படியே வெச்சுக்குங்க. டேய், யாரும் இவருக்கு டீ குடுத்துடாதீங்க!”

வைத்துக்கொண்டார். வெயில் ஏறும்வரை வைத்துக்கொண்டார். இட்லிக்குப் பின்னால் ஊதுவத்தி கொளுத்தி ஆவி வரவழைத்தார்கள். சட்னி மட்டும் நிஜம். தேங்காயும் பச்சைமிளகாயும் மூக்கில் ஏறியபோது, தட்டில் இருப்பது தன் கைச்சரக்கு என்பது அவருக்கு மறந்துபோனது. சட்னியில் புரட்டி ஒரே கடி.

கடக்கென்றது. முன்பல் பாதி போனது. இட்லிக்கு ஒரு கீறல் இல்லை. அந்த வலியிலும் ‘நம்ம சரக்கு’ என்ற பெருமிதம் அவர் நெஞ்சை நிறைத்தது. கண் கலங்கியது.

“இதான்! இதான்!” என்று கத்தினாள் சண்முகப்ரியா. “ருசியில கண்ணு கலங்குது பாருங்க!”

அந்தப் படம்தான் சுவரளவு பெரிதாகி ஹோட்டலில் ஏறியது. கீழே, ‘உழைப்பவர் பசியாறும் இடம்’ என்று எழுத்து. சிங்காரவேல் ஊர் முழுக்கப் பல்லைக் காட்டி, தான் செய்த இட்லியின் உறுதியை விளக்கினார். அவர் மனைவி அருக்காணிதான் கலை தெரியாதவள்.

“பல்லு எங்கய்யா?”

“கலைக்குக் குடுத்துட்டேன்.”

“அப்ப முறுக்கையும் அந்தக் கலையவே கடிச்சுக் குடுக்கச் சொல்லு.”

மறு வாரம் ஷிப்டு முடிந்து, கூட வேலை செய்யும் பூபாலனையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார். தன் படத்தின் கீழே உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று ஆசை. உள்ளே அடுப்பு இருந்த இடத்தில் பூந்தொட்டி இருந்தது. பாதி திறந்த கதவுக்குப் பின்னாலிருந்து முதலாளி பேசினார்.

“அடுப்ப எடுத்தாச்சுப்பா. இனிமே ஷூட்டிங் மட்டுந்தான். தெனம் ஆட்டி, அவிச்சு, யாரு அல்லாடுறது? தட்டுல இட்லி இருக்குது, பேரப்புள்ள காலத்துக்கும் கெடாது. செஞ்ச ஆளே சொன்னாரு.”

கதவு சாத்தப்பட்டது. பசியோடு நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஊர் முழுக்கத் திறந்த வாயைச் சிங்காரவேல் அப்போதுதான் மூடிக்கொண்டார்.

பூபாலன் சன்னல் வழியாகச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினான்.

“எங்க அடுப்ப அணைச்சுப்புட்டு, நீ மட்டும் உள்ள உக்காந்து தின்னுக்கிட்டு இருக்குற பாரு மாமா.”