பதினாலாம் நாள்வரை அது கள் அல்ல

வீடுகளில் ஊறும் அரிசிக் கள் தன் இஷ்டத்துக்குப் புளிக்கிறது என்ற அதிர்ச்சித் தகவல் மாவட்ட அலுவலகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. இத்தனை நூறு வருஷமாகக் கேட்பாரில்லாமல் போயிருக்கிறது. உடனே 'இல்லக் கள் ஒழுங்குப் பதிவேடு' என்று, எந்த நாளில் எத்தனை குமிழி, என்ன ருசி என்பதை முன்கூட்டியே அச்சிட்ட நீல அட்டைப் புத்தகம் தயாராகி, மலையடிவாரத்துக் கொரியக் கிராமம் ஒன்றில் வீட்டுக்கு ஒன்றாக வழங்கப்பட்டது. எல்லோரும் ஒழுங்காக நடந்தால் 'முன்மாதிரிக் கள் கிராமம்' என்று பலகை கிடைக்கும். பலகை வந்தால் சியோலிலிருந்து கார்கள் வரும். பதிவேடு வைத்து ஊறிய கள்ளோடு படம் எடுத்துக்கொள்வதுதான் அங்கே இப்போது நாகரிகமாம்.

அந்த ஊர்ப் புன்ரேவுக்குக் கார்களைப் பற்றி அக்கறையில்லை. மாமனாரின் திவசம் வருகிறது. அவள் சமையலை ஆயுள் முழுக்க நொட்டை சொன்ன மனுஷர், அவள் கள்ளை மட்டும் கண்ணை மூடி ரசித்தவர். படையலில் நல்ல கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குளிரில் அறையைச் சூடாக்கத் தரைக்கு அடியில் விறகைக் கொஞ்சம் தாராளமாகவே எரித்துவிட்டார்கள். அந்தச் சூட்டில், போர்வை சுற்றி அறையில் வைத்த கள் பானை ஒன்பதாம் நாளே தயாராகிவிட்டது. புன்ரே ஒரு கெண்டி வடித்துப் பனியில் புதைத்துவிட்டு, மீதியை வடிக்க அனுமதி கேட்டு மாவட்ட அலுவலக ஆய்வாளர் பியோவை அழைத்தாள்.

அவர் வந்தார். பானையைப் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்தார்.

"அட்டவணைப்படி வடிக்கிறது பதினாலாம் நாள்மா."

"தீக்குச்சி கொளுத்திப் பானைக்குள்ள காட்டினேன் சார். அணையல. அணையலன்னா புளிச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"தீக்குச்சிக்குக் கட்டம் இல்லையே."

"நுரையும் அடங்கிடுச்சு."

"இன்னைக்கு நிமிஷத்துக்கு நாற்பது குமிழின்னு போட்டிருக்கு. அடங்க அதுக்கு அனுமதி இல்ல."

"இன்னும் அஞ்சு நாள் விட்டா புளிப்பேறிக் காடியாயிடும் சார்."

"காடிக்குத் தனி விண்ணப்பம் உண்டு. நீங்க குடுக்கல. அப்புறம் எப்படி ஆகும்?"

பியோ பானையின் வாயில் முத்திரைத் தாளை ஒட்டிவிட்டுப் போனார்.

திவச நாள்தான் பதினாலாம் நாள். ஊரே கூடியிருக்க முத்திரை கிழிந்தது. முன்வரிசை மூக்கைப் பொத்தியது. பியோ ஒரு வாய் குடித்தார், கண்ணில் நீர் வந்தது. பதிவேட்டைப் பார்த்து, "இனிப்பு. பேரிக்காய் மணம்" என்று வாசித்தார்.

"ஆமா, பேரிக்காயேதான்" என்றது ஊர். புன்ரேவின் புருஷன் தோக்கு, பலகையை நினைத்துக்கொண்டு இரண்டு கிண்ணம் குடித்தான். பலகை அறையப்பட்டது.

சாயங்காலம் படையல் வைக்கும்போது புன்ரே பனியிலிருந்து கெண்டியைத் தோண்டி எடுத்து வந்தாள்.

"இதுக்குப் பதிவு இருக்கா?" என்றான் தோக்கு.

"உங்களுக்கு வாய் இருக்குல்ல, குடிச்சுப் பாருங்க."

குடித்தான். அப்பாவைப் போலவே கண் மூடிக்கொண்டது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா எதை வச்சுச் சொல்றது? நாளைக்கே எங்கப்பா பதிவில்லாத கள் குடிச்சாருன்னு ஊர் பேசினா?"

மாமனாருக்குக் காடி படைக்கப்பட்டது. விழுந்து கும்பிட்டார்கள்.

புன்ரே கெண்டியை அடுப்படிக்குத் தூக்கிப்போய்த் தானே ஒரு வாய் குடித்தாள். அமிர்தமாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நீலப் புத்தகத்தைப் பிரித்தாள். ஒன்பதாம் நாள் பக்கத்தில், 'கசப்பு. குடிக்க உகந்ததல்ல' என்று அச்சாகியிருந்தது.

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். லேசாகக் கசக்கத்தான் செய்தது.