முனியாண்டிக்கு நேர்ந்த சிலுவார்

பார்க்காத இடத்தைப் பற்றிப் பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போதெல்லாம் நான் ஆரம்பித்தாலே பேரன்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் ஒரே ஒரு மனுஷன் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் அப்போது கணக்கெழுதுகிற சின்னக் கிராணி. வயது இருபத்திரண்டு, நினைப்பு மட்டும் கவர்னருக்கு. வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவர் குடியேறியிருந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற பட்டியல் அவர் மேசையில்தான் கிடந்தது. அதில் என் அண்ணன் முத்தையாவின் பெயரும் இருந்தது. முதலில் போன கூட்டத்திலிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை என்பது தொழிலாளர் வீடுகள் வரிசை கட்டிய எங்கள் லயம் முழுக்கத் தெரியும். அண்ணன் காட்டுக்குள் ஓடிவிட்டார். அகப்பட்டால் சயாம்கூட இல்லை, தலைதான். எங்கே ஒளிந்திருக்கிறார் என்று அம்மா எனக்குச் சொல்லவில்லை. (என் வாயைப் பற்றி அவளுக்கு அப்போதே தெரியும்.)

அதிகாரிக்கு ஊர் சுற்றிப் பார்க்க ஆசை. எங்கள் பேராக் மாநிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டார். லுமுட் கடற்கரையில் மணல் சீனி மாதிரி இருக்கும், பக்கத்து மலையில் ஏறி நின்றால் இந்தியாவே தெரியும் என்று அளந்துவிட்டேன். (கடலை நான் அதுவரை துரையின் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருந்தேன்.) மனுஷனைக் குளிரவைத்தால், பட்டியலில் அண்ணன் பெயரை அடித்துவிடச் சொல்லிக் கேட்கலாம் என்பது என் திட்டம்.

காரில் புறப்பட்டோம். ஆயர் தாவார், சித்தியவான் தாண்டி லுமுட் போய்ச் சேர்ந்தால் கடலையே காணோம். நீர் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. அதிகாரி இரண்டடி வைத்தார். ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. முட்டிபோட்டுத் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு அதே பூட்ஸால் ஓர் உதை விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் பூட்ஸ் சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தார். அண்ணன் விஷயம் கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில், எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்பு மலைக் குகை இருக்கிறது, அதைப் பார்க்காமல் போனால் பாவம் என்று சொல்லித் தொலைத்தேன்.

குகை வாசலில் கொடி கட்டி ஒரு சாக்குச் சிலுவார் காய்ந்துகொண்டிருந்தது. துணி கிடைக்காத காலம். அரிசிச் சாக்கை வெட்டி அம்மா தைத்த கால்சட்டை அது. பின்பக்கத்தில் அவள் போட்ட சிவப்பு ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் ஒளிந்திருக்கும் இடத்துக்கே ஆளைக் கூட்டி வந்திருந்தேன்.

இது என்ன என்றார் அதிகாரி. முனியாண்டி சாமிக்கு நேர்ந்துகொண்டு கட்டிய துணி என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். அண்ணனின் சிலுவாருக்கு முன்னால் விறைப்பாக நின்று, இடுப்பு வளைத்து, நிதானமாக வணங்கினார். கார் ஓட்டி வந்த சிப்பாயும் வணங்கினான். நானும் வணங்கினேன். அப்புறம், உள்ளே போய்ச் சாமியையும் பார்க்க வேண்டும் என்றார். (எனக்கு வேணும்.)

குகைக்குள் கால் வைத்ததும், இங்கே எதிரொலி பிரமாதம் என்று சொல்லிவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அண்ணே, பின்பக்கமா ஓடிருங்க!"

மலை திருப்பிச் சொன்னது. அதிகாரிக்கு அன்று முதல்முறையாக முகம் மலர்ந்தது. என்னை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, தானும் அதையே மூன்று தடவை கத்தினார். என் அண்ணனை ஓடச் சொல்லி ஜப்பான் ராணுவமே கத்தியது. உள்ளே கற்கள் சரியும் சத்தம் கேட்டது. வௌவால் என்றேன்.

அண்ணன் தப்பிவிட்டார். அவரோடு இன்னொருத்தர் இருந்தது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டு வேலு. கோவணத்தோடு, காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். சிப்பாய் அவரைத் தூக்கி நிறுத்தினான். கூட யார் இருக்கிறார்கள் என்று என்னையே கேட்கச் சொன்னார் அதிகாரி. கேட்டேன். வேலு என்னை முன்பின் தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

"நா ஒத்தையாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க. வெளிய காயிற சிலுவாரு என்னோடதுதான். குளிருது, அத எடுத்துக் குடுக்கச் சொல்லுங்கலா."

அதை நான்தான் அதிகாரிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் விட்ட அறையில் என் இடது காது அன்றோடு போயிற்று. கடலையே தெரியாதவனுக்குச் சாமி எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, என் தலையை விட்டுவைத்தார்.

பட்டியலுக்கு ஆள் குறைந்ததாலோ என்னவோ வேலுவின் தலையும் தப்பியது. அந்தச் சிலுவாரைப் போட்டுக்கொண்டுதான் அவர் சயாமுக்கு ரயிலேறினார். திரும்பி வரவேயில்லை.

சண்டை முடிந்து அண்ணன் வீடு வந்தார். அதிகாரி சிலுவாரைக் கும்பிட்ட கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. கொடியில் எவன் கால்சட்டை காய்ந்தாலும் பேரன்கள் வரிசையாக நின்று குனிவார்கள். சிரித்துச் சிரித்து அண்ணனுக்கு இருமல் வந்துவிடும். ஆனால் கதையை அவர் வௌவாலோடு நிறுத்திவிடுவார். மிச்சம் தெரிந்த எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

தீபாவளிக்கு முதல் நாள், இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்போம். அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை. பக்கத்தில் அண்ணன் வருஷம் தவறாமல் ஒரு புதுச் சிலுவார் வாங்கி வைப்பார். போன வருஷம் கடைசிப் பேரன் அதைப் பார்த்ததும், வழக்கமான விளையாட்டென்று நினைத்து, இடுப்பு வளைத்து வணங்கினான். யாரும் சிரிக்கவில்லை. பையன் பயந்துபோய் எங்கள் முகத்தைப் பார்த்தான். அண்ணன் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்று, அதே மாதிரி குனிந்தார். நானும் போய்க் குனிந்தேன்.